முத்ரோஸ் போர்நிறுத்தத்தைப் படிப்பது எப்படி? புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

"முதல் உலகப்போரின் முடிவில் உதுமானியப் பேரரசு வீழ்ந்தது" என்று பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் படித்திருப்பீர்கள். நெட் தேர்வுக்கோ, ஆய்வேட்டுக்கோ, கிலாபத் இயக்கத்தைப் பற்றி எழுதவோ அந்த வரிக்குள் இறங்கும்போதுதான் சிக்கல் புரியும். முத்ரோஸ் போர்நிறுத்தத்தால் சண்டை நின்றது 1918 அக்டோபரில். சுல்தான் பதவி ஒழிந்தது 1922 நவம்பரில். நடுவில் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. போர் நடந்தபோது நின்ற பேரரசு, போர் நின்ற பிறகு எப்படி இவ்வளவு வேகமாகச் சரிந்தது?

இந்தக் கேள்வியோடு உட்கார்ந்தபோது எந்தத் தாளை முதலில் எடுப்பது, எதை எதோடு ஒப்பிடுவது என்று சொல்லித்தர எனக்கு ஆள் இல்லை. தடித்த நூல்களில் தொடங்கி, பெயர்களிலும் தேதிகளிலும் சிக்கி, நெடுநாள் கழித்துத்தான் வழி பிடிபட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இது வரலாற்றுச் சுருக்கம் அல்ல. எந்த ஆவணத்தை எடுப்பது, எந்த வரிசையில் படிப்பது, எங்கே ஏமாறக்கூடும் என்பதற்கான கையேடு.

1. ஒரே ஒரு போர்நிறுத்தத்தில் தொடங்குங்கள்

1918இல் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிக்குள் ஐந்து போர்நிறுத்தங்கள் கையெழுத்தாயின. பல்கேரியாவுடன் சலோனிகாவில் செப்டம்பர் 29. உதுமானியருடன் முத்ரோஸில் அக்டோபர் 30. ஆஸ்திரியா-ஹங்கேரியுடன் வில்லா ஜூஸ்தியில் நவம்பர் 3. ஜெர்மனியுடன் கோம்பியேனில் நவம்பர் 11. ஹங்கேரியுடன் பெல்கிரேடில் நவம்பர் 13. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விரித்து வைத்தால் தலை சுற்றும்.

முத்ரோஸை எடுங்கள். சிறிய ஆவணம், மொத்தம் 25 ஷரத்துகள். ஏஜியன் கடலில் லெம்னோஸ் தீவின் முத்ரோஸ் துறைமுகத்தில், 'அகமெம்னான்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் வைத்துக் கையெழுத்தானது. பிரிட்டன் பக்கம் அட்மிரல் கால்தோர்ப், உதுமானியப் பக்கம் கடற்படை அமைச்சர் ரவூஃப் பே. ஒரு போர்நிறுத்தத் தாள் ஒரு பேரரசின் உடைவை எப்படி விரைவுபடுத்துகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஆவணம் வேறில்லை என்பது என் கருத்து.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. "போர்நிறுத்தம்தான் பேரரசை வீழ்த்தியது" என்று எழுதிவிடாதீர்கள். பாக்தாத் 1917 மார்ச்சிலேயே போய்விட்டது. ஜெருசலேம் அதே ஆண்டு டிசம்பரில், டமாஸ்கஸ் 1918 அக்டோபர் 1இல். பல்கேரியா விலகியதும் ஜெர்மனியோடு இருந்த தரைவழித் தொடர்பும் அறுந்தது. முத்ரோஸ் வருவதற்கு முன்பே அரபு நிலங்களில் பெரும்பகுதி கைவிட்டுப் போயிருந்தது. உங்கள் கேள்வி, மிச்சமிருந்ததை அந்தத் தாள் என்ன செய்தது என்பதாக இருக்கட்டும்.

2. ஆவணங்களும் செலவும்

வேண்டியவை நான்குதான்.

முதலாவது, உடன்படிக்கையின் முழு வாசகம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சுருக்கப் பட்டியல்களை நம்பாதீர்கள். 25 ஷரத்துகளும் முழுதாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே அச்செடுங்கள். ஷரத்து எண்களைக் காட்டித்தான் அதன்பின் எல்லாச் சண்டையும் நடந்தது என்பதால், எண் இல்லாத பிரதி பயன்படாது.

இரண்டாவது, பிரிட்டிஷ் போர் அமைச்சரவையின் கூட்டக் குறிப்புகள். லண்டனிலுள்ள தேசிய ஆவணக்காப்பகம் அமைச்சரவைத் தாள்களை மின்னாக்கம் செய்து கட்டணமின்றித் தருகிறது. 1918 அக்டோபர் மாதத்துக் கூட்டங்களை மட்டும் எடுத்தால் போதும். அதே காப்பகத்தில் இன்னும் மின்னாக்கம் ஆகாத கோப்புகளுக்கு நகல் கேட்டால், பக்கங்களைச் சரிபார்த்துச் சொல்லவே தனிக் கட்டணம், நகலுக்கு மறுபடியும் கட்டணம். தொடக்கத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மூன்றாவது, மெசபடோமியா (இன்றைய இராக்), அரேபியா தொடர்பான இந்தியா அலுவலகக் கோப்புகள். இந்தியா அலுவலகம் என்பது லண்டனிலிருந்து இந்திய ஆட்சியைக் கவனித்த துறை. கத்தார் மின்னூலகத்தில் இவற்றில் பெரும்பங்கு இலவசமாக இருக்கிறது. மெசபடோமியாப் போரை நடத்தியது பெரும்பாலும் இந்தியப் படை. அதனால் டெல்லிக்கும் லண்டனுக்கும் இடையே ஓடிய தந்திகள் இங்கே குவிந்திருக்கும். டெல்லி தேசிய ஆவணக்காப்பகத்தின் அபிலேக் படல் தளத்திலும் கணக்குத் தொடங்கிக் கட்டணமில்லாமல் தேடலாம்.

நான்காவது, 1914ஆம் ஆண்டு உதுமானிய மாகாண வரைபடம். இன்றைய துருக்கி, இராக், சிரியா வரைபடத்தை எடுத்தால் ஐந்தாம் படியில் நிச்சயம் தடுக்கி விழுவீர்கள். பெரிய தாளில் கருப்பு வெள்ளையில் அச்செடுங்கள்; வண்ண பென்சிலால் நீங்களே குறிக்கப் போகிறீர்கள்.

தேதிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உதுமானிய அரசுத் தாள்களில் 1334 என்று ஆண்டு போட்டிருந்தால் அது ரூமி ஆண்டு (உதுமானிய அரசின் சூரிய நாட்காட்டி ஆண்டு), 1918ஐக் குறிக்கும். நாளும் மாதமும் 1917 முதல் ஐரோப்பிய நாட்காட்டியோடு ஒத்துப்போகும். முத்ரோஸ் கையெழுத்தான நாளுக்கு 1337 என்று இருந்தால் அது ஹிஜ்ரி ஆண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் மூன்றாண்டு இல்லாத இடைவெளி ஒன்று உங்கள் காலவரிசையில் முளைத்துவிடும்.

3. கடைசி ஷரத்தை முதலில் படியுங்கள்

25ஆம் ஷரத்து: 1918 அக்டோபர் 31, வியாழக்கிழமை, உள்ளூர் நேரம் நண்பகலில் சண்டை நிற்க வேண்டும். இதுதான் உங்கள் அளவுகோல். அந்த நண்பகலில் யார் படை எங்கே நின்றது என்று வரைபடத்தில் கோடு போடுங்கள். பென்சிலை எடுத்துக் கோட்டை வரையாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். அந்தக் கோட்டுக்கு அப்பால் பின்னர் நடந்த ஒவ்வொரு நகர்வும் சண்டையால் வந்ததல்ல, தாளால் வந்தது. இந்தப் பாடத்தின் உயிர்நாடி இந்த வேறுபாடுதான்.

4. மற்ற ஷரத்துகளை எந்த வரிசையில் படிப்பது?

ஒன்றிலிருந்து வரிசையாகப் படித்தால், இது டார்டனெல்ஸ், பாஸ்பரஸ் நீரிணைகளைத் திறப்பதற்கான கடற்படை ஒப்பந்தம் என்றே தோன்றும். காரணம் இருக்கிறது. லண்டனிலிருந்து கால்தோர்ப்புக்கு வந்த வரைவு, முக்கியத்துவ வரிசையில் அடுக்கப்பட்டிருந்தது. முதல் நான்கு ஷரத்துகள் கட்டாயம் வேண்டும். அவை கிடைத்து வேறு வழியில்லை என்றால் மற்றவற்றை விட்டுக்கொடுக்கலாம் என்று அவருக்கு அனுமதி இருந்தது. நீரிணைகள், கண்ணிவெடிகள், போர்க்கைதிகள் பற்றியவை அந்த நான்கும்.

ரவூஃபுக்கு இது தெரியாது. அக்டோபர் 27 முதல் 30 வரை பேசி, சில சொற்களில் மட்டும் தளர்வு பெற்று, ஏறக்குறைய முழு வரைவையும் ஏற்றார். பேரரசைப் பிரித்துப்போட்ட ஷரத்துகள் பெரும்பாலும், எதிர்த்தரப்பு விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்த பகுதியில்தான் இருக்கின்றன. இதை அறிந்துகொண்டு மறுபடி ஆவணத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

ஆகவே இப்படிப் படியுங்கள்:

முதலில் 5, 6, 20. படைக் கலைப்பு உடனே நடக்க வேண்டும், எல்லைக் காவலுக்கும் உள்நாட்டு ஒழுங்குக்கும் தேவையானவர்கள் மட்டும் இருக்கலாம். போர்க்கப்பல்களை ஒப்படைக்க வேண்டும். கலைக்கப்பட்ட படையின் ஆயுதங்களையும் வண்டிகளையும் நேச நாடுகளின் உத்தரவுப்படியே கையாள வேண்டும். மறுத்துப் பேசும் பலம் இதோடு போகிறது.

அடுத்து 10, 12, 15. டாரஸ் மலைச் சுரங்கப்பாதைகள் நேச நாடுகளின் வசம்; கம்பியில்லாத் தந்தி மற்றும் கடலடித் தந்தி நிலையங்கள், ரயில் பாதைகள் எல்லாம் அவற்றின் கண்காணிப்பில். ஒரு பேரரசு தன் ஆளுநருக்கு உத்தரவு அனுப்பவும், படையை நகர்த்தவும், வரிப் பணத்தைக் கொண்டுவரவும் இவற்றைத்தான் நம்பியிருந்தது. தேர்வு விடைகளில் பலர் இந்த மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

பிறகு 4ஐயும் 22ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நேச நாட்டுக் கைதிகளையும் அடைபட்ட ஆர்மீனியர்களையும் நிபந்தனையின்றி ஒப்படைக்க வேண்டும். துருக்கியக் கைதிகளோ நேச நாடுகளின் விருப்பப்படி வைத்திருக்கப்படுவார்கள். இரு தரப்பும் சமமாக உட்கார்ந்து எழுதிய தாள் இது அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கடைசியாக 7, 16, 24. இவற்றுக்குத் தனிப் படி வேண்டும்.

5. எல்லை எழுதாத ஷரத்துகளைச் சிவப்பில் குறியுங்கள்

நம் ஊரில் நிலம் வாங்கும்போது பத்திரத்தில் செக்குபந்தி பார்ப்போம்: கிழக்கே யார் நிலம், மேற்கே எந்த வாய்க்கால் என்று. செக்குபந்தி இல்லாத பத்திரத்தை வைத்து எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வேலி போடலாம். முத்ரோஸின் 16ஆம் ஷரத்து அப்படிப்பட்டது. ஹெஜாஸ், அசீர், யேமன், சிரியா, மெசபடோமியா ஆகிய இடங்களின் காவற்படைகள் அருகிலுள்ள நேசநாட்டுத் தளபதியிடம் சரணடைய வேண்டும் என்கிறது. தென் அனத்தோலியக் கரையிலுள்ள சிலீசியாவிலிருந்தும் படைகள் விலக வேண்டும் என்கிறது. இந்த நிலங்கள் எங்கே முடிகின்றன என்று சொல்லவில்லை.

7ஆம் ஷரத்து இன்னும் அகலமானது. நேச நாடுகளின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தலான நிலை எழுந்தால் எந்த முக்கிய இடத்தையும் அவை கைப்பற்றலாம். அச்சுறுத்தல் இருக்கிறதா என்று தீர்மானிப்பது யார்? அதுவும் எழுதப்படவில்லை. 24ஆம் ஷரத்து, ஆறு ஆர்மீனிய மாகாணங்களில் குழப்பம் வந்தால் அவற்றின் எந்தப் பகுதியையும் கைப்பற்றும் உரிமையைத் தருகிறது.

இவை நடைமுறையில் எப்படி வேலை செய்தன என்பதை மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள்.

மோசூல். அக்டோபர் 31 நண்பகலில் பிரிட்டிஷ் படை நகருக்குத் தெற்கே நின்றது. நகரம் உதுமானியர் வசம் இருந்தது. பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் மார்ஷல் 7, 16 ஆகிய ஷரத்துகளைக் காட்டி நகரைக் கேட்டார். மோசூல் மாகாணம் மெசபடோமியாவில் அடங்காது என்று உதுமானியத் தளபதி அலி இஹ்சான் பாஷா வாதிட்டார். நவம்பர் 10 வாக்கில் அவர் வெளியேற வேண்டியதாயிற்று. நீங்கள் போட்ட நண்பகல் கோட்டுக்கு வடக்கே ஒரு மாகாணமே ஒரு போரும் நடக்காமல் கைமாறியது. அந்த வழக்கு லீக் ஆஃப் நேஷன்ஸ் வரை போய், 1926 ஜூன் 5 உடன்படிக்கையில்தான் முடிந்தது. வரைபடத்தில் மோசூலுக்கு ஒரு தனி நிறம் கொடுங்கள்.

அலெக்சாந்திரெட்டா, இன்றைய இஸ்கெந்தெருன். அக்டோபர் 31 அன்று சிரியா முனையிலிருந்த உதுமானிய யில்திரிம் படைத்தொகுதியின் தலைமையை ஏற்றவர், பின்னாளில் துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கமால். அவர், சிலீசியாவின் எல்லை எது, சிரியாவின் எல்லை எது என்று தலைமை அமைச்சர் இஸ்ஸத் பாஷாவுக்குத் தந்தி மேல் தந்தி அடித்துக் கேட்டார். பிரிட்டிஷார் இறங்கினால் சுட உத்தரவிட்டார்; இஸ்தான்புல் அதை ரத்து செய்தது. நவம்பர் 9 அன்று நகரம் போயிற்று. ஆவணத்தில் எல்லை இல்லை என்பதைக் கையெழுத்தான சில நாட்களிலேயே கண்டுபிடித்தவரின் கேள்விகள் அவை. இந்தத் தந்திகளைத் தேடிப் படியுங்கள். ஒரு ஷரத்தை எப்படிக் கேள்வி கேட்பது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

இஸ்மிர். 1919 மே 14 அன்று, 7ஆம் ஷரத்தின்படி கோட்டைகள் கைப்பற்றப்படும் என்று அறிவித்தவர் அதே கால்தோர்ப். மறுநாள் கிரேக்கப் படை இறங்கியது. இங்கே ஒரு துணை ஆவணத்தையும் பார்க்க வேண்டும். முத்ரோஸில் கால்தோர்ப் ரவூஃபுக்கு ஒரு தனிக் கடிதம் தந்திருந்தார். நீரிணைக் கோட்டைகளில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் மட்டுமே இருக்கும் என்பது அதன் சாரம். கடிதம் உடன்படிக்கையின் பகுதி அல்ல. 25 ஷரத்துகளுக்குள் இல்லாத உறுதிமொழி எதுவும் யாரையும் கட்டுப்படுத்தியதாக எழுதாதீர்கள்.

எதிர்ப்பக்கச் சான்றும் ஒன்று உண்டு. மதீனாவில் ஃபக்ரி பாஷா 16ஆம் ஷரத்துக்குக் கட்டுப்பட மறுத்து 1919 ஜனவரி வரை நகரை வைத்திருந்தார். சுற்றிலும் துணையில்லாத காவற்படையால் அதற்கு மேல் முடியவில்லை. தாளில் எழுதிய நாளும் நடந்து முடிந்த நாளும் ஒன்றல்ல. ஒவ்வொரு ஷரத்துக்கும் இரண்டு தேதிகளையும் குறித்துவையுங்கள்.

6. போர்நிறுத்தத்துக்கும் சமாதானத்துக்கும் நடுவில் எத்தனை மாதம்?

புதிதாக வருவோர் அதிகம் தவறவிடும் இடம் இது. போர்நிறுத்தம் தற்காலிக ஏற்பாடு; சமாதான உடன்படிக்கை வரும்வரைதான் அதற்கு வேலை. முத்ரோஸ் கையெழுத்தானது 1918 அக்டோபர் 30. உதுமானியருடனான சமாதான உடன்படிக்கையான செவ்ர் 1920 ஆகஸ்ட் 10. இடையில் இருபத்தோரு மாதங்களுக்கு மேல். அந்தக் காலம் முழுவதும் உதுமானிய அரசு போரிலும் இல்லை, சமாதானத்திலும் இல்லை. படை கலைந்துகொண்டிருந்தது, ரயிலும் தந்தியும் கண்காணிப்பில், 7ஆம் ஷரத்து மட்டும் உயிரோடு.

இந்த இருபத்தோரு மாதங்களை மட்டும் தனித்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இதில் இருக்க வேண்டியவை: 1918 நவம்பர் 1 நள்ளிரவில் போர்க்கால ஆட்சியை நடத்திய என்வர், தலாத், ஜெமால் மூவரும் ஜெர்மானியக் கப்பலில் தப்பியது, நவம்பர் 13 அன்று நேசநாட்டுக் கப்பற்படை இஸ்தான்புல்லுக்குள் வந்தது, 1919 மே 15 இஸ்மிர், மே 19 அன்று முஸ்தபா கமால் சாம்சுனில் இறங்கியது, 1920 மார்ச் 16 அன்று இஸ்தான்புல் முறைப்படி கைப்பற்றப்பட்டது, ஏப்ரல் 23 அன்று முஸ்தபா கமால் தலைமையில் அங்காராவில் பேரவை கூடியது. மார்ச் 16 அன்று கைதாகி மால்டாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ரவூஃபும் ஒருவர். முத்ரோஸில் கையெழுத்துப் போட்டவரை, முத்ரோஸ் திறந்துவிட்ட வழியில் வந்தவர்களே பிடித்துச் சென்றார்கள்.

கடைசி இரண்டு தேதிகளும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன பாருங்கள். தலைநகரில் நாடாளுமன்றம் முடக்கப்பட்டு ஆறு வாரத்துக்குள் இன்னொரு நகரில் இன்னொரு பேரவை. போர்நிறுத்தம் நிலத்தைப் பறித்ததோடு நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது தவிர வேறு வழியற்ற சுல்தானின் அரசைத் தன் மக்கள் கண்ணிலேயே செல்லாததாக்கியது. இந்த இழப்பு எந்த ஷரத்திலும் எழுதப்பட்டிருக்காது. நீங்கள்தான் தேதிகளிலிருந்து எடுக்க வேண்டும்.

7. கையெழுத்துப் பக்கத்தைச் சரிபாருங்கள்

இரண்டாவது தாள் ஒன்றை இப்போது எடுக்கலாம்: 1922 அக்டோபர் 11, முதான்யா போர்நிறுத்தம். கிழக்குத் திரேஸிலிருந்து கிரேக்கப் படை பதினைந்து நாட்களில் வெளியேற வேண்டும், துருக்கியக் காவல்படை 8,000 பேர் வரை உள்ளே வரலாம் என்பவை இதன் ஷரத்துகளில் சில. உள்ளடக்கத்தைவிடக் கையெழுத்து முக்கியம். துருக்கிக்காகக் கையெழுத்திட்டவர் அங்காராவின் இஸ்மெத் பாஷா. இஸ்தான்புல் அரசின் கையெழுத்து இல்லை.

அதன்பின் நடந்தது நாட்கணக்கில் நகர்கிறது. லோசான் சமாதான மாநாட்டுக்கு அங்காரா, இஸ்தான்புல் என இரு அரசுகளையும் நேச நாடுகள் அழைத்தன. நவம்பர் 1 அன்று அங்காராப் பேரவை சுல்தான் பதவியையே ஒழித்தது. நவம்பர் 17 அன்று ஆறாம் மெஹ்மெத் 'மலாயா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறி வெளியேறினார். முதான்யாவிலிருந்து ஐந்தாறு வாரம்தான். ஆறு நூற்றாண்டுப் பேரரசு சட்டப்படி முடிந்தது இரண்டாவது போர்நிறுத்தத்தை ஒட்டி. முதல் தாள் பேரரசின் கைகால்களைக் கட்டியது. இரண்டாவது தாளில் அதற்காகக் கையெழுத்துப் போடக்கூட யாரும் அழைக்கப்படவில்லை. பெரும்பாலான குறிப்பேடுகள் முத்ரோஸோடு நின்றுவிடுகின்றன. நீங்கள் முதான்யா வரை போங்கள்.

கலீஃபா பதவி 1924 மார்ச் 3 வரை இருந்தது. அதையும் சுல்தான் பதவியையும் ஒரே நாளில் ஒழிந்ததாக எழுதுவது விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை.

8. வேறொரு பேரரசில் பொருத்திப் பாருங்கள்

முறை கைவந்ததா என்று அறிய, ஆஸ்திரியா-ஹங்கேரியின் வில்லா ஜூஸ்தியை எடுங்கள். முதல் வேலை அதே நேரக் கோடு. நவம்பர் 3 கையெழுத்து, நவம்பர் 4 பிற்பகல் 3 மணிக்கு நடைமுறை. ஆஸ்திரியத் தலைமையோ 3ஆம் தேதியே சண்டையை நிறுத்த உத்தரவிட்டது. அந்த ஒரு நாள் இடைவெளியில் இத்தாலியர் முன்னேறி, மூன்றரை லட்சம் அளவிலான வீரர்களைச் சிறைப்பிடித்தார்கள்.

ஆனால் முத்ரோஸின் அச்சை இங்கே அப்படியே வைத்துவிடாதீர்கள். பிராகில் செக்கோஸ்லோவாக்கியா அறிவிக்கப்பட்டது அக்டோபர் 28. குரோவேஷியாவின் சாக்ரெப் சபை பேரரசிலிருந்து பிரிந்தது 29. புடாபெஸ்டில் புரட்சி 31. அதாவது பேரரசு உடைந்த பிறகே போர்நிறுத்தம் வந்தது. இங்கே நீங்கள் தேட வேண்டியது யார் பெயரால் கையெழுத்து என்பதை. அந்தப் பொறுப்பைத் தவிர்க்கப் பேரரசர் கார்ல் படைத் தலைமையையே மற்றவரிடம் கொடுத்தார். பத்து நாட்களில் ஹங்கேரி பெல்கிரேடில் தனியாக இன்னொரு போர்நிறுத்தம் செய்துகொண்டது. ஒரே அரசுக்கு இரண்டு போர்நிறுத்தங்கள் என்றால் அது ஒரே அரசாக இல்லை என்றுதான் பொருள்.

9. நேரம் எவ்வளவு, அடுத்து எங்கே?

முத்ரோஸ் வாசகத்தை ஒருமுறை படிக்க அரை மணி நேரம் போதும். வரைபடக் கோட்டுக்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். அமைச்சரவைக் குறிப்புகளுக்கு ஒரு வாரக் கடைசி. முதான்யாவும் வில்லா ஜூஸ்தியும் இன்னொரு வாரக் கடைசி. தேர்வு நெருங்கிவிட்டது என்றால் 3, 5, 7 ஆகிய படிகளை மட்டும் செய்யுங்கள்; 2ஆம் படியில் உடன்படிக்கை வாசகமும் வரைபடமும் போதும்.

கலீஃபா பதவியைக் காக்க இந்திய முஸ்லிம்கள் நடத்திய கிலாபத் இயக்கத்துக்குப் போகிறவர்கள் இன்னொரு தாளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1918 ஜனவரி 5 அன்று பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் ஆற்றிய உரையில், துருக்கியரின் தலைநகரையோ அவர்கள் பெரும்பான்மையாக வாழும் ஆசியா மைனர், திரேஸ் நிலங்களையோ பறிக்கப் போரிடவில்லை என்றார். அந்த வாக்குறுதியைப் பிடித்துக்கொண்டுதான் இந்திய முஸ்லிம்கள் வாதாடினார்கள். அந்த உரையை முத்ரோஸின் 7ஆம் ஷரத்துக்கும் செவ்ருக்கும் பக்கத்தில் வைத்துப் படித்தால், கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். சென்னை மாகாணத்தில் யாகூப் ஹசன் முன்னின்று நடத்திய கூட்டங்களுக்கும், அன்றைய தமிழ், உருதுப் பத்திரிகைகள் என்ன எழுதின என்பதற்கும் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் சுதேசிப் பத்திரிகை அறிக்கைகளைக் கேளுங்கள். துறைத்தலைவரிடமிருந்து கடிதமும் அடையாள அட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். 1918 நவம்பர், 1919 மே, 1920 மார்ச், 1920 ஆகஸ்ட் என்று மாதங்களை முன்கூட்டியே எழுதிக் கொண்டுபோனால், அங்கே தேடும் நேரம் பாதியாகக் குறையும்.